சண்டைக்கு நடுவுல மெடிக் எழுந்து ஓடறது நெஜமா, சினிமாவா?

கேட்டவர் ரெண்டு விஷயம் கேட்ருக்கார். துப்பாக்கி வச்சிருக்கறவனே தரையோட தரையா படுத்துக் கெடக்கற நேரத்துல, மெடிக், அதாவது படையோடயே போயி அடிபட்டவங்களுக்கு வைத்தியம் பாக்கற ஆளு, மருந்துப் பையைத் தூக்கிட்டு எழுந்து ஓடறது நெஜமாவே நடக்குதா, இல்ல சினிமாக்காரங்க ஏத்தி விட்டதா? நெஜம்னா அந்தத் தைரியம் எங்கேருந்து வருது?

முதல் கேள்விக்கு பதில் சுலபம். நெஜம்தான், ரெக்கார்டு இருக்கு. பிரிட்டிஷ் ராணுவத்துல வீரத்துக்குக் குடுக்கற உச்ச விருது விக்டோரியா கிராஸ். 1856ல ஆரம்பிச்சதுலேருந்து அதை ரெண்டு தடவ வாங்கினவங்க மொத்தமே மூணு பேர்தான். அந்த மூணுல ரெண்டு பேர் டாக்டருங்க! ஒருத்தர் ஆர்தர் மார்ட்டின்-லீக், 1902ல தென்னாப்பிரிக்காவுல ஒண்ணு, 1914ல பெல்ஜியத்துல ஒண்ணு. இவர் நடுவுல நம்ம பெங்கால் நாக்பூர் ரயில்வேல டாக்டரா வேலை பாத்துட்டு இருந்தவர், போர் வந்ததும் கெளம்பிப் போயிட்டார். இன்னொருத்தர் நோயல் ஷாவாஸ். 1908 ஒலிம்பிக்ஸ்ல 400 மீட்டர் ஓடின ஆளு, லிவர்பூல் ஸ்காட்டிஷ்னு ஒரு பட்டாலியனுக்கு டாக்டரா போனார்.

ஷாவாஸ் என்ன பண்ணார்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா ரெண்டாவது கேள்விக்கான பதில் அதுக்குள்ளதான் இருக்கு. 1916 ஆகஸ்ட் 9, பிரான்ஸ்ல கீயமோங்னு ஒரு ஊர், முதல் உலகப்போர்ல சோம் சண்டை நடந்துட்டு இருந்த நேரம். இவங்க பட்டாலியன் முன்னேறப் பாத்து செமயா அடி வாங்கிடுச்சு. ஷாவாஸ் பகல் முழுக்க வெட்டவெளியில குண்டுக்கு நடுவுல அடிபட்டவங்களுக்கு கட்டு போட்டுட்டு இருந்தார், அதோட விட்டுடல, ராத்திரி ஆனதும் எதிரி லைனுக்கு முன்னாடியே போயி நாலு மணி நேரம் தேடினார் யாராவது உயிரோட இருக்காங்களான்னு. மறுநாள் ஒரே ஒரு ஸ்ட்ரெச்சர் ஆளோட போயி, மோசமா இருந்த ஒருத்தனை 500 கஜம் தூக்கிட்டு வந்தார், வழியெல்லாம் ஷெல், அதான் பீரங்கிக் குண்டு, விழுந்துட்டே இருக்கு, இவருக்கும் ஒரு சில்லு பட்டுது. பட்டா என்ன, அன்னிக்கு ராத்திரி திரும்ப 20 பேரைக் கூட்டிட்டுப் போனார், எதிரியோட பதுங்குகுழிக்கு 25 கஜம் கிட்டக்க ஒரு குழியில கெடந்த மூணு பேரை இழுத்துட்டு வந்தார், செத்துப்போன ரெண்டு ஆபீசர்களை அங்கேயே புதைச்சார், செத்தவங்க கழுத்துல இருந்த அடையாள வில்லைகளையும் கழட்டி எடுத்துட்டு வந்தார். மொத்தத்துல ஏறக்குறைய 20 பேரைக் காப்பாத்தினார்னு விருதுக் குறிப்புல இருக்கு.

அந்த அடையாள வில்லை விஷயத்தை நெனச்சுப் பாருங்க. 25 கஜம்னா எதிரி இருமினாக் கூட கேக்கும். அங்க உக்காந்து இருட்டுல தடவித் தடவி செத்தவன் கழுத்துலேருந்து கயிறை அறுத்து எடுக்கணும். அவன் பொழைக்கப் போறதில்ல, அது ஷாவாஸுக்கும் தெரியும், ஆனா அது இல்லேன்னா வீட்டுல இருக்கற அம்மாவுக்கு 'காணவில்லை'ன்னுதான் தகவல் போகும், அவங்க வருஷக்கணக்கா வாசலப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. ஆவேசத்துல இருக்கற ஆளால இத செய்ய முடியாது. இது நிதானமா ஒரு வேலைய முழுசா முடிக்கற ஆளு செய்யறது.

அடுத்த வருஷம் 1917 ஜூலை கடைசில பெல்ஜியத்துல பாஸண்டேல் சண்டை ஆரம்பிச்ச அன்னிக்கே ஷாவாஸுக்கு காயம். போய் படுங்கன்னு சொன்னா கேக்கல, ரெண்டு நாள் சரியா சாப்பாடு கூட இல்லாம திரும்பத் திரும்ப வெளிய போயி ஆளுங்களத் தேடிட்டு வந்தார். கடைசில அவர் இருந்த முதலுதவி எடத்து மேலயே ஷெல் விழுந்து, ஆகஸ்ட் 4ந் தேதி செத்துப்போனார். ரெண்டாவது விக்டோரியா கிராஸ் செத்த பிறகு குடுத்தது. பிராண்ட்ஹூக்ல இருக்கற அவர் கல்லறைக் கல்லுல ரெண்டு விக்டோரியா கிராஸ் செதுக்கியிருக்கும்.

என் கணக்குல மெடிக்கோட தைரியத்தை முதல் தடவ ஓடறத வச்சு அளக்கக் கூடாது. முதல் தடவ ஓடறதுக்கு ரத்தத்துல ஏறின வேகமே போதும், நண்பன் கத்தறான், கால் தன்னால ஓடிடும். ரெண்டாவது தடவ போறப்பதான் வெளிய என்ன இருக்குன்னு தெளிவா தெரியும். அஞ்சாவது தடவ போறவனுக்கு கை நடுங்கிட்டு இருக்கும், தண்ணி குடிச்சு எத்தனையோ மணி நேரம் ஆயிருக்கும், அப்பவும் போறான் பாருங்க, அதுதான் மேட்டர்.

இதை ஒரு அரசாங்கம் எண்ணிக்கையாவே மாத்தி வச்ச கதையும் இருக்கு. 1941 ஆகஸ்ட்ல, ஜெர்மன்காரன் உள்ள வந்துட்டே இருக்கான், சோவியத் யூனியன் ஒரு ஆர்டர் போட்டுச்சு. சண்டை நடக்கற எடத்துலேருந்து 15 பேரைத் தூக்கிட்டு வந்தா ஒரு மெடல், 25 பேருன்னா ரெட் ஸ்டார் விருது, 40க்கு ரெட் பேனர், 80 பேருன்னா ஆர்டர் ஆஃப் லெனின். அதுல ஒரு கண்டிஷன் வேற, அடிபட்டவனோட ரைஃபிளையோ லைட் மெஷின் கன்னையோ சேத்து எடுத்துட்டு வரணும். கேக்க கொடூரமா இருக்குல்ல, ஆளு பாதி உயிரோட இருக்கான், துப்பாக்கி எங்கன்னு தேடணும். ஆனா துப்பாக்கிக்கும் பஞ்சம், ஆளுக்கும் பஞ்சம்னு இருந்த நேரம் அது. இந்த வேலையில நெறைய பேர் 18, 19 வயசுப் பொண்ணுங்க. தன்னைவிட கனமான ஆம்பளைய முதுகுல போட முடியாது, நிமிந்தா சுட்டுடுவான், அதனால கோட்டையோ மழைத்துணியையோ விரிச்சு அதுல ஆளை உருட்டி விட்டு, படுத்த வாக்குல இழுத்துட்டே வருவாங்க. ஜினாய்தா துஸ்னலோபவான்னு ஒரு பொண்ணு, எட்டு மாசத்துல 128 பேரை இழுத்துட்டு வந்தவங்க. 1943 பிப்ரவரில காயம்பட்டு பனியில கெடந்து கையும் காலும் உறைஞ்சு போயி ரெண்டு கையையும் ரெண்டு காலையும் வெட்ட வேண்டியதாயிடுச்சு. அப்பறமும் கல்யாணம் ஆகி குழந்தைங்க பெத்து வாழ்ந்தாங்க, 1957ல ஹீரோ ஆஃப் த சோவியத் யூனியன் பட்டம் குடுத்தாங்க.

இப்ப கொஞ்சம் டெக்னிக்கலா வரேன். இன்னிக்கு மெடிக்குகளுக்கு சொல்லிக் குடுக்கற முதல் பாடம் என்ன தெரியுமா? ஓடாதே. 1996ல அமெரிக்காவுல ஃபிராங்க் பட்லரும் கூட சில பேரும் எழுதின ஒரு கட்டுரையிலேருந்து வந்த முறை இது. இன்னிக்கு நெறைய நாட்டு ராணுவத்துல இதான் அடிப்படை. குண்டு பாஞ்சுட்டு இருக்கற வரைக்கும் முதல் மருந்து திருப்பிச் சுடறதுதான், அடிபட்டவனால நகர முடிஞ்சா அவனே நகந்து மறைவுக்கு வரணும், முடிஞ்சா தானே கட்டு போட்டுக்கணும். மெடிக் செத்துட்டா ஒரு ஆளு மட்டும் போகல, அவன் காப்பாத்தியிருக்கக்கூடிய பத்து பேரும் சேந்து போறாங்க. சினிமால காட்டற மாதிரி "ஐயோ"ன்னு கத்திட்டு ஓடறவனை எந்த சார்ஜெண்டும் பாராட்ட மாட்டான், கழுத்தைப் பிடிச்சு கீழ அமுக்குவான்.

வெளியில போயே ஆகணும்னா அந்த எடத்துல பண்ற வைத்தியம் ஒண்ணே ஒண்ணுதான், டூர்னிக்கெட். கையோ காலோ சிதறி ரத்தம் பீச்சுதுன்னா மேல இறுக்கிக் கட்டி, அதுல இருக்கற சின்னக் கம்பியை முறுக்கு முறுக்குன்னு முறுக்கணும். அடிபட்டவன் வலியில அலறுவான், விட்டுடுன்னு கெஞ்சுவான், ரத்தம் நிக்கற வரைக்கும் விடக் கூடாது. தொடையில பெரிய ரத்தக்குழாய் அறுந்தா சில நிமிஷம்தான் டைம். மத்ததெல்லாம் மறைவுக்கு இழுத்துட்டு வந்த பிறகு. இடுப்பு மடிப்புல, அக்குள்ள அடிபட்டா டூர்னிக்கெட் போட எடமே இருக்காது, காயத்துக்குள்ள விரலை விட்டு ரத்தம் எங்கேருந்து வருதுன்னு தொட்டுப் பாத்து, மருந்து போட்ட துணியைத் திணிச்சு, முழு எடையையும் போட்டு மூணு நிமிஷம் கையை எடுக்காம அமுக்கணும். மூணு நிமிஷம்னு படிக்கறப்ப ஒண்ணும் தெரியாது. பக்கத்துல மோர்ட்டார் விழறப்ப மண்டி போட்டு, ரெண்டு கையும் இன்னொருத்தன் ஒடம்புக்குள்ள மாட்டிட்டு, குனியக்கூட முடியாம மூணு நிமிஷம்.

இது ஏன் இவ்ளோ முக்கியம்னா, 2001லேருந்து 2011 வரைக்கும் ஈராக், ஆப்கானிஸ்தான் சண்டைகள்ல செத்த 4,596 அமெரிக்க வீரர்களோட சாவை ஒண்ணொண்ணா ஆராய்ஞ்சு பாத்தாங்க. 87 சதவீதம் பேர் ஆஸ்பத்திரி கதவைத் தொடறதுக்கு முன்னாடியே செத்திருக்காங்க. அதுல கிட்டத்தட்ட கால்வாசிப் பேரைக் காப்பாத்தியிருக்க வாய்ப்பு இருந்துச்சு, அந்தக் கால்வாசியில பத்துல ஒம்போது பேர் ரத்தம் போயித்தான் செத்தது. பின்னாடி எவ்ளோ பெரிய சர்ஜன் இருந்தும் பிரயோஜனம் இல்ல, முன்னாடி இருக்கற அந்த ஒருத்தன்தான்.

இன்னொண்ணு யாரும் பேசாதது. ஒரே நேரத்துல ஏழெட்டு பேர் விழுந்து கெடந்தா யாருகிட்ட முதல்ல போறது? கத்தறவன்கிட்ட இல்ல, கத்தறவனுக்கு மூச்சு இருக்கு. சத்தமே இல்லாம கெடக்கறவனைத்தான் முதல்ல பாக்கணும். பொழைக்க மாட்டான்னு தெரிஞ்சவனைத் தாண்டிப் போகணும், அவன் உங்க பேரைச் சொல்லிக் கூப்ட்டாலும். நேத்து ராத்திரி ஒரே டப்பாவுல சாப்பிட்டவனா இருப்பான். குண்டுக்கு நடுவுல ஓடறதைவிட இது கஷ்டம்னு நான் நெனைக்கறேன், இதுக்கு எந்த நாட்டுலயும் மெடல் கெடையாது.

டெஸ்மண்ட் டாஸ் பத்தி படம் வந்துட்டதால எல்லாருக்கும் தெரியும், அதனால சுருக்கமா. 1945 மே மாசம், ஒகினாவா தீவு, மேதா செங்குத்துப் பாறை. மத நம்பிக்கையால துப்பாக்கியையே தொட மாட்டேன்னு சொன்ன அமெரிக்க மெடிக். மத்தவங்க எல்லாரும் பின்வாங்கின பிறகு மேலயே தங்கி அடிபட்டவங்களை ஒவ்வொருத்தரா கயித்துல எறக்கினார். எத்தன பேருன்னு கேட்டப்ப ராணுவம் 100ன்னுது, இவர் 50தான் இருக்கும்னார், கடைசில நடுவுல 75ன்னு எழுதிட்டாங்க. எனக்கு இதுல பிடிச்சது அந்த முடிச்சு. ட்ரெய்னிங்ல கயித்தை மடிச்சுப் போட்டு முடிச்சு போடறப்ப தற்செயலா ரெண்டு வளையம் விழுந்துச்சு, ரெண்டு காலையும் காலுக்கொரு வளையத்துல விட்டு, நெஞ்சுல ஒரு சுத்து சுத்தினா மயக்கமா இருக்கறவன்கூட நழுவ மாட்டான். எப்பவோ கத்துக்கிட்ட அந்த ஒரு முடிச்சு இல்லேன்னா அன்னிக்கு அவரோட பக்தியும் தைரியமும் ஒருத்தனையும் கீழ எறக்கியிருக்காது.

இப்ப நான் நெஜமா சொல்ல வந்த ஆளு. ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ், லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். பேருலயே ஊரு இருக்கு. ரெண்டாம் உலகப்போர் நேரத்துல இந்தியால பாராசூட் படை ஆரம்பிச்சப்ப, இந்தியர்கள்ல முதன்முதலா பாராசூட்ல குதிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் இந்த டாக்டர், இன்னொருத்தர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். சண்டை போடற ஆபீசருக்கு முன்னாடி ஊசி போடற ஆபீசர் குதிச்சிருக்கார்!

1950ல கொரியப் போர் வந்துச்சு. நேரு சண்டைக்குப் படை அனுப்ப மாட்டேன்னு சொல்லிட்டார், அதுக்கு பதிலா ஒரு மருத்துவப் பிரிவை அனுப்பினார், 60வது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ். ஆம்புலன்ஸ்னா வண்டி இல்ல, டாக்டர், சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், பல் டாக்டர், உதவியாளர்கள்னு முன்னூத்தி சொச்சம் பேர் கொண்ட ஒரு முழு யூனிட். ரங்கராஜ்தான் கமாண்டர். நவம்பர்ல பூசான்ல எறங்கி, வடக்க பியாங்யாங் வரைக்கும் போய்ச் சேர்றாங்க, அதே நேரத்துல சீனப் படை லட்சக்கணக்குல உள்ள பாஞ்சு எல்லாரும் பின்வாங்க ஆரம்பிச்சாச்சு. இவங்களையும் கெளம்பச் சொன்னாங்க. ஆனா லாரி கெடையாது. சாமானை விட்டுட்டு ஆளு மட்டும் வாங்கன்னா ஈசியா வந்திருக்கலாம். மாட்டோம்னாங்க. கத்தி இல்லாம, மயக்க மருந்து இல்லாம சர்ஜன் வந்து என்ன பண்ணுவான், வேடிக்கையா பாப்பான்? ஸ்டேஷன்ல தேடினா ஒரு பழைய நீராவி எஞ்சினும் சில பெட்டியும் கெடைச்சுது. யூனிட்ல எஞ்சின் ஓட்டற வேலை கொஞ்சம் தெரிஞ்ச ஆளுங்க இருந்தாங்க. வரிசையா நின்னு வாளி வாளியா தண்ணி கைமாத்திக் குடுத்து பாய்லரை ரொப்பி, மொத்த சாமானையும் ஏத்தி ஓட்டிட்டு வந்துட்டாங்க. ஆத்துப் பாலத்தை இவங்க தாண்டின கொஞ்ச நேரத்துல குண்டு வச்சுத் தகர்த்தாச்சு.

இதை நான் பாராசூட் குதிச்சதைவிட பெருசா நெனைக்கறேன். எல்லாரும் ஓடறப்ப நின்னு வாளியில தண்ணி எடுத்து ஊத்தறதுக்கு என்ன மாதிரி மண்டை வேணும்!

பாராசூட்டும் நடந்துச்சு. 1951 மார்ச் 23, புனித வெள்ளி அன்னிக்கு, சியோலுக்கு வடக்க மூன்சான்-னி. அமெரிக்காவோட 187வது பாராசூட் படைப் பிரிவு மூவாயிரத்துச் சொச்சம் பேரோட எதிரி பின்பக்கம் குதிக்குது, ஆபரேஷன் டோமஹாக். அவங்களோட சேந்து ரங்கராஜும் அவர் ஆளுங்களும் 12 பேர், அஞ்சு ஆபீசர், ஏழு ஜவான். குதிக்கறதுலயே கால் ஒடியறவங்க இருப்பாங்க, அது போக சண்டை. மருந்துப் பெட்டியெல்லாம் தனியா எறக்கினது எங்க விழுந்துச்சுன்னு வயலுக்குள்ள தேடிப் பொறுக்கணும், கூரைன்னு ஒண்ணு கெடைக்கற எடத்துல ட்ரெஸ்ஸிங் ஸ்டேஷன் போடணும், அங்கேயே ஆபரேஷன். துப்பாக்கிச் சத்தம் கேக்கற தூரத்துல வயித்தைத் திறந்து வச்சுட்டு நிக்கற சர்ஜன் எங்கயும் நகர முடியாது, தையல் முடியற வரைக்கும் அந்த எடம்தான். அன்னிக்கு அடிபட்ட அமெரிக்கப் பசங்களுக்கு வைத்தியம் பாத்தவங்கள்ல மரூன் தொப்பி போட்ட இந்த இந்தியர்களும் உண்டு. ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா குடுத்தாங்க.

அடுத்த மாசமே காப்யோங் சண்டை, ஆஸ்திரேலிய, கனடாப் படைகள் சீனப் படையைத் தடுத்து நிறுத்தினது, அங்கயும் பின்னாடி இருந்தது இவங்கதான். யூனிட்ல இன்னொரு பாதி தேகு ஊர்ல கொரிய மக்களுக்கு ஆஸ்பத்திரி நடத்திட்டு இருந்துச்சு, அதைப் பத்தி யாரும் பெருசா எழுதறதில்ல, அங்க குண்டு வெடிக்கல பாருங்க. 1954 ஆரம்பம் வரைக்கும் அந்த யூனிட் கொரியாவுல இருந்துச்சு. மொத்தமா ரெண்டு லட்சம் பேர் வரைக்கும் வைத்தியம் பாத்திருக்காங்க, 2,300 ஆபரேஷன் பண்ணிருக்காங்கன்னு கணக்கு சொல்றாங்க.

செஞ்சிலுவை போட்டா சுட மாட்டாங்களான்னு சில பேர் கேப்பாங்க. சட்டப்படி சுடக்கூடாது, ஜெனீவா ஒப்பந்தம் தெளிவா சொல்லுது, மெடிக்கும் தன்னையும் நோயாளியையும் காப்பாத்திக்க மட்டும் சின்ன ஆயுதம் வச்சுக்கலாம். நடைமுறை வேற. பசிபிக் தீவுகள்ல மெடிக்கை அடிச்சா பத்து பேரை அடிச்ச மாதிரின்னு குறி வச்சே சுட்டதால, அமெரிக்க மெடிக்குங்க சிலுவைக் குறியை அழிச்சுட்டு, பையையும் மாத்திக்கிட்டு மத்தவங்க மாதிரியே போனாங்க. பாதுகாப்புக்குக் குடுத்த அடையாளம் டார்கெட்டா மாறின கேவலம் இன்னிக்கு வரைக்கும் பல போர்கள்ல தொடருது.

சரி, தைரியம் எங்கேருந்து வருது? பிறவிக் குணம்னு நான் நம்பல. பழக்கம் பாதி. நூறு தடவ இருட்டுல கட்டு போட்டுப் பழகின கைக்கு, மண்டை பயத்துல ஸ்தம்பிச்சு நின்னாலும் அடுத்து என்னன்னு தெரியும், கை வேலையில இருக்கற வரைக்கும் பயம் ஓரமா நிக்கும். மீதிப் பாதி, கெடக்கறவன் யாருன்னு தெரியறது. பட்டாலியன் டாக்டருக்கு எல்லாப் பசங்களையும் தெரியும், யாருக்கு பாதத்துல புண்ணு, யாருக்கு வீட்டுலேருந்து லெட்டர் வரலைன்னு வரைக்கும். அப்டிப்பட்டவன் வெளியில கெடந்து கத்தறப்ப உள்ள உக்காந்திருக்கறதுதான் அவங்களுக்கு கஷ்டமா இருந்திருக்கும்.

இதுக்கு நான் காட்டற சாட்சி இவங்களோட பின்னாடி வாழ்க்கை. ஜான் சின்ட்டன்னு ஒரு டாக்டர், இந்தியன் மெடிக்கல் சர்வீஸ், 1916 ஜனவரில மெசபடோமியாவுல, அதான் இன்னிக்கு ஈராக், ரெண்டு கையிலயும் விலாவுலயும் குண்டு வாங்கியும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன்னு சாயங்காலம் வரைக்கும் வேலை பாத்து விக்டோரியா கிராஸ் வாங்கினவர். அப்பறம் என்ன பண்ணார்? இந்தியாவுலயே கசௌலில உக்காந்து வருஷக்கணக்கா மைக்ராஸ்கோப்ல கொசுவையும் மலேரியாவையும் ஆராய்ஞ்சார், பிரிட்டனோட பெரிய விஞ்ஞானிகள் சங்கமான ராயல் சொசைட்டில ஃபெல்லோவும் ஆனார். விக்டோரியா கிராஸும் அதுவும் ஒண்ணா வச்சிருந்த ஒரே ஆளு இவர்தான். ரங்கராஜும் அதே மாதிரி, ராணுவத்துக்கு அப்பறம் உலக சுகாதார அமைப்போட பெரியம்மை ஒழிப்பு வேலைக்காக ஆப்கானிஸ்தான் போனார். ரோடே இல்லாத மலைக் கிராமங்கள்ல ஒவ்வொரு ஊரா போயி, ஊசி வேணாம்னு சொல்றவங்ககிட்ட பேசி, யாருக்காவது அம்மை போட்டிருக்கான்னு கேட்டுக் கேட்டுக் கணக்கெடுக்கற வேலை. அங்க 1972ல பெரியம்மை பரவறது நின்னுச்சு.

தென்கொரிய அரசு 2020 ஜூலை மாசத்தோட போர் வீரரா ரங்கராஜை அறிவிச்சு கௌரவப்படுத்தினாங்க. ஆற்காட்டுப் பக்கம் போறவங்க யாராவது அங்க அவர் பேருல ஒரு தெருவாவது இருக்கான்னு விசாரிச்சுச் சொல்லுங்க.